மூடிய முகம், தெரியும் துப்பாக்கி: சிறப்புப் படைகளின் ஊடகத் தோற்றமும் நமது ஆயுத விவாதமும்

1. ஆஸ்டின் டவுனிலிருந்து ஒரு கேள்வி

பெங்களூரின் பழைய கன்டோன்மென்ட் விளிம்பில், நீலசந்திராவையும் விவேக்நகரையும் ஒட்டிக் கிடக்கிறது ஆஸ்டின் டவுன். 1809இல் ஆங்கிலேயர் தமது படைமுகாமை ஸ்ரீரங்கப்பட்டினத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றியபோது மெட்ராஸ் ராணுவத்தோடு தமிழர்களும் வந்தார்கள். சிப்பாய்கள் மட்டும் வரவில்லை. துணி வெளுப்பவர், கல் உடைப்பவர், சமையல்காரர், தளவாட ஒப்பந்தக்காரர் என்று ஒரு முகாமுக்கு வேண்டிய அத்தனை பேரும் வந்தார்கள். இந்தப் பக்கத்துத் தெருக்களில் தமிழ் இன்றும் கேட்பதற்கு அந்தக் குடிபெயர்வு முக்கியமான காரணம். சுற்றிலும் ராணுவம்தான். அல்சூர் ஏரிப்பக்கம் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற எம்.இ.ஜி. மையம், அகரம் பக்கம் ஏ.எஸ்.சி. மையம், ஓசூர் சாலையில் 1946இல் தொடங்கிய ராணுவப் பள்ளி, சற்றுத் தள்ளி ஜே.சி. நகரில் பாராசூட் ரெஜிமென்ட் பயிற்சி மையம்.

இப்படிப்பட்ட பகுதியில் படைவீரர் என்பவர் அடுத்த வீட்டுக்காரர். அவரை அறிவது பென்ஷன் புத்தகம், கேன்டீன் சாமான், விடுமுறைக்கு வரும் டிரங்குப் பெட்டி வழியாக. சாப்பர்களை ராணுவமே ‘தம்பி’ என்றுதான் அழைக்கிறது. சிறப்புப் படை வீரரின் கதை வேறு. பாராசூட் ரெஜிமென்டின் பயிற்சி மையம் இதே நகரில் இருந்தும், அவரை நாம் அறிவது திரையில்தான். முகத்தில் கருந்துணி, தலையில் இரவுநோக்கி, மார்பில் நாம் பெயர் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்ட வெளிநாட்டுத் துப்பாக்கி.

இந்தியப் பொதுவெளியில் இதையொட்டி இரண்டு விவாதங்கள் தனித்தனியாக நடந்துவருகின்றன. காமெரா சிறப்புப் படையினரின் உயிருக்கு ஆபத்தா என்பது ஒன்று. நம் ஜவான்கள் கையில் தகுந்த துப்பாக்கி இருக்கிறதா என்பது மற்றொன்று. முதலாவது பாதுகாப்பு, ஊடக அறம் என்ற தலைப்புகளிலும் இரண்டாவது கொள்முதல், ஊழல், உள்நாட்டுத் தொழில் என்ற தலைப்புகளிலும் பேசப்படுகின்றன. இரண்டுக்கும் நடுவே ஓர் உறவு உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம். முகத்தை மறைத்துத் துப்பாக்கியை மட்டும் காட்டும் படங்கள் முப்பது நாற்பது ஆண்டுகளாக நம் கண்ணைப் பழக்கியிருக்கின்றன. சில ஆயிரம் பேரின் ஆயுதத்தைக் கொண்டு பல லட்சம் பேரின் ஆயுதத்தை மதிப்பிடும் பழக்கம் அதிலிருந்து வந்ததுதான்.

2. காமெராவே பகைவன்: நிலவும் புரிதல்

நிலவும் புரிதலுக்கு ஒரு மூலக்கதை உண்டு. 1972 செப்டம்பர் 5, மியூனிக் ஒலிம்பிக் கிராமம். இஸ்ரேலிய வீரர்களைப் பிணையாக வைத்திருந்தவர்களைத் தாக்க, விளையாட்டு உடையணிந்த ஜெர்மன் போலீஸார் கூரைமேல் ஏறினார்கள். தொலைக்காட்சி அதை நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தது, உள்ளே இருந்த அறைகளிலும் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. முயற்சி கைவிடப்பட்டது.

நமக்கான மியூனிக் 2008 நவம்பர் மும்பைத் தாக்குதல். 28ஆம் தேதி காலை நரிமன் இல்லத்தின் மொட்டைமாடியில் ஹெலிகாப்டரிலிருந்து தேசியப் பாதுகாப்புப் படையினர் கயிறு பிடித்து இறங்கியதை நாடே பார்த்தது. கராச்சியிலிருந்து கட்டளையிட்டவர்களும் பார்த்தார்கள். வெளியே என்ன நடக்கிறது என்று அவர்கள் உள்ளே இருந்தவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்ததை ஒட்டுக்கேட்ட உரையாடல்கள் காட்டின. அந்த நாளில் நரிமன் இல்லத்தில் ஹவில்தார் கஜேந்தர் சிங் பிஷ்ட் இறந்தார். தாஜ் ஹோட்டலில் மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன் இறந்தார்.

மும்பைத் தாக்குதல் தொடர்பான கசாப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 ஆகஸ்ட் 29 அன்று அளித்த தீர்ப்பு நேரலைக்குக் கடுமையான கண்டனம் தெரிவித்தது. ஊடகத்தை ஊடகமே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் என்ற வாதத்தை அந்த ஒளிபரப்பே பலவீனமாக்கிவிட்டது என்றது. 2015 மார்ச்சில் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கையை நேரலையாகக் காட்டக் கூடாது, அரசு நியமிக்கும் அதிகாரி அவ்வப்போது தரும் தகவலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். பதான்கோட் விமானத்தளத் தாக்குதலைக் காட்டிய விதத்துக்காக 2016இல் என்.டி.டி.வி. இந்தியா சேனலை ஒருநாள் நிறுத்த உத்தரவிட்டு, எதிர்ப்பு எழுந்தபின் அரசு அதை நிறுத்திவைத்தது. பஹல்காம் தாக்குதலுக்குப் பின் 2025 ஏப்ரல் 26 அன்று மீண்டும் ஓர் அறிவுறுத்தல் வந்தது. அதில் சேனல்களோடு சமூக ஊடகங்களில் எழுதும் தனிநபர்களுக்கும் எச்சரிக்கை இருந்தது.

இந்த வரலாறு பெரும்பாலும் நேர்க்கோடாகவே சொல்லப்படுகிறது. காமெரா காட்டியது, வீரர் இறந்தார், சட்டம் வந்தது. ஆனால் பலரும் தாண்டிப்போகும் ஒரு நுணுக்கம் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஒளிபரப்பினால்தான் படையினர் உயிரிழந்தார்கள் அல்லது காயமுற்றார்கள் என்று கண்டறிய இயலாது, ஆனால் அவர்களின் வேலை மிகக் கடினமாகவும் ஆபத்தாகவும் ஆனதில் ஐயமில்லை என்பதே நீதிமன்றம் சொன்னது. ஆபத்தைக் கூட்டியது என்பது ஒன்று, கொன்றது என்பது வேறொன்று. நீதிபதிகள் காட்டிய இந்த நிதானத்தை அடுத்து வந்த கட்டுரையாளர்கள் பலர் காட்டவில்லை.

3. அரசு காட்டுவதும் காமெராதான்

காமெராவைப் பகைவனாகவே பார்க்கும் இப்புரிதல் இரண்டு இடங்களில் தடுமாறுகிறது. முதலாவது இடம் அமிர்தசரஸ். 1984இல் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்தபோது பத்திரிகையாளர்கள் பஞ்சாபிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். உள்ளே நடந்தது என்ன என்பதைப் பற்றிய சந்தேகம் பல ஆண்டுகளுக்கு அரசை விடவில்லை. 1988 மே மாதம் அதே இடத்தில் பிளாக் தண்டர் நடவடிக்கை நடந்தது. தேசியப் பாதுகாப்புப் படையின் தூரக்குறி வீரர்கள் உயரமான இடங்களில் அமர்ந்தார்கள். தண்ணீரும் மின்சாரமும் நிறுத்தப்பட்டன. பஞ்சாப் காவல்துறைத் தலைவராக இருந்த கே.பி.எஸ். கில் பத்திரிகையாளர்களைப் பார்க்க அனுமதித்தார். கோயிலுக்குள் பதுங்கியிருந்த தீவிரவாதிகள் கைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த காட்சி காமெராவில் பதிவானது. அந்த நடவடிக்கைக்கு மக்களிடையே ஏற்பு கிடைத்ததில் அந்தப் படங்களுக்குப் பங்கு உண்டு. காமெராவை எப்போது, எங்கே நிறுத்துவது என்பதைத் திட்டத்தின் பகுதியாக்கியவர்கள் அங்கே இருந்தார்கள்.

காமெரா இல்லாவிட்டால் எல்லாம் நன்றாக நடக்கும் என்று நினைப்பவர்களுக்குப் பெங்களூரிலேயே ஒரு மறுப்பு இருக்கிறது. 1991 ஆகஸ்டில் கோணனகுண்டேயில், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தேடப்பட்ட சிவராசன், சுபா உள்ளிட்டோர் பதுங்கியிருந்த வீடு சூழப்பட்டது. அப்போது நேரலை செய்தித் தொலைக்காட்சி நம்மிடம் இல்லை. கமாண்டோக்களை உள்ளே அனுப்பாமல் ஒருநாளுக்கும் மேல் காத்திருந்தார்கள். 20ஆம் தேதி காலை கதவை உடைத்து நுழைந்தபோது ஏழு பேரும் இறந்துகிடந்தார்கள். வழக்கின் முக்கியக் கண்ணி உயிரோடு கிடைக்கவில்லை. பின்னர் எழுந்த கேள்விகள் தாமதத்தைப் பற்றியவை, யார் முடிவெடுத்தது என்பதைப் பற்றியவை. இந்தக் காட்சியை நாம் பார்த்தது பதினைந்து ஆண்டு கழித்து, ஏ.எம்.ஆர். ரமேஷ் கன்னடத்தில் ‘சயனைடு’ என்றும் தமிழில் ‘குப்பி’ என்றும் எடுத்த படத்தில்.

இரண்டாவது தடுமாற்றம் இன்னும் முக்கியமானது. அண்மைக் காலத்தில் சிறப்புப் படைகளை அதிகம் காட்டியது அரசுதான். 2016 செப்டம்பர் 29 அன்று கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டிய நடவடிக்கை பற்றி ராணுவமே செய்தியாளர் கூட்டத்தில் அறிவித்தது. 2017 குடியரசு தின விருதுகளில் அதில் பங்கேற்ற பாரா சிறப்புப் படையினரின் பெயர்கள் வெளியாயின. விருதுக் குறிப்புகள் வழியே யார் எங்கே ஊர்ந்தார்கள், எதைத் தகர்த்தார்கள் என்பதெல்லாம் செய்தித்தாளில் வந்தது. 2018 ஜூனில் அந்த நடவடிக்கையின் வெப்பக் காமெராப் படங்கள் சேனல்களில் ஓடின. 2019 ஜனவரியில் அதைப் பற்றிய இந்தித் திரைப்படம் வந்தது. இவை ஒவ்வொன்றுக்கும் நியாயம் சொல்லலாம். வீரத்துக்கு அங்கீகாரம் வேண்டும், பாகிஸ்தானின் மறுப்புக்கு விடை வேண்டும். ஆனால் ஒரு சேனல் கூரைமேல் இருந்தவரைக் காட்டினால் தேசத்துரோகம், அமைச்சகம் அதே பிரிவின் அதிகாரியைப் பெயரோடு காட்டினால் தேசப்பெருமை என்பது பாதுகாப்பு பற்றிய வாதமாக இருக்க முடியாது. காட்டும் உரிமை யாருக்கு என்பதே அங்கே நடக்கும் வழக்கு.

இதில் சாதாரண வீரரின் நிலை விசித்திரமானது. 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளைக் கைப்பேசியிலிருந்து நீக்கும்படி ராணுவம் தன் ஆட்களுக்கு உத்தரவிட்டது. மனைவி அனுப்பும் பிறந்தநாள் படமே ஆபத்து என்று கருதப்பட்ட காலத்தில் அவருடைய ஆயுதமும் சீருடையும் பாய்ச்சலும் விளம்பரப் படங்களில் இடம்பெற்றன. கமாண்டோவின் முகம் பொதுவாவது பெரும்பாலும் அவர் இறந்த பிறகே. சந்தீப் உன்னிகிருஷ்ணன் படித்தது பெங்களூர் ஃபிராங்க் ஆண்டனி பள்ளியில். தந்தை இஸ்ரோவில் பணியாற்றியவர், வீடு எலஹங்காவில். அந்த வெள்ளிக்கிழமைவரை அவர் பெயர் குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் படைப்பிரிவுக்கும் மட்டும் தெரியும். அதன்பின் அவரது பள்ளிக்காலம்வரை எதுவும் தனிப்பட்டதாக எஞ்சவில்லை. அசோக சக்ரா, அவர் பெயரில் சாலை, 2022இல் ‘மேஜர்’ திரைப்படம். 2014இல் காஷ்மீரின் ஷோபியானில் இறந்த மேஜர் முகுந்த் வரதராஜன் கமாண்டோ அல்லர், ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் அதிகாரி. ஆனாலும் 2024 தீபாவளிக்கு வந்த ‘அமரன்’ அவரைத் தமிழ்ப் பார்வையாளர்களுக்கு அதே வழியில்தான் கொண்டுவந்தது.

4. துப்பாக்கி தரும் அடையாளம்

2019 ஜனவரி 15, நைரோபியின் டூசிட் ஹோட்டல் தாக்குதல். அங்கே தற்செயலாக இருந்த ஒருவர் முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பலரை மீட்டதைப் புகைப்படக்காரர்கள் எடுத்தார்கள். பிரிட்டிஷ் அரசு சிறப்புப் படை பற்றி எதையும் உறுதிசெய்வதில்லை. ஆனால் அவர் கையில் இருந்தது கனடாவில் தயாராகும் எல்119 வகைத் துப்பாக்கி. அதைச் சுமப்பவர்கள் யார் என்று தெரிந்தவர்களுக்கு அவர் பிரிட்டிஷ் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ்.ஸைச் சேர்ந்தவர் என்று சொல்ல முகம் தேவைப்படவில்லை. பெயர் பின்னால் வந்தது, துப்பாக்கி முன்னாலேயே சொல்லிவிட்டது.

சிறப்புப் படைகள் தமது துப்பாக்கியைத் தாமே தேர்ந்தெடுக்கும் சலுகை பெற்றவை. அந்தச் சலுகையே அவற்றைக் காட்டிக்கொடுக்கிறது. இந்தியாவில் நெடுங்காலம் டேவோர் என்ற இஸ்ரேலியத் துப்பாக்கி இந்த வேலையைச் செய்தது. 2000களின் தொடக்கத்தில் ஏறத்தாழ மூவாயிரம் டேவோர்கள் வாங்க ஒப்பந்தமானது. அதன் மேகசின் விசைக்குப் பின்னால் இருக்கும். அதனால் 46 சென்டிமீட்டர் குழல் இருந்தும் மொத்த நீளம் 72 சென்டிமீட்டர்தான். ஏறத்தாழ அதே குழல்நீளம் கொண்ட இன்சாஸ் 95 சென்டிமீட்டரைத் தொடுகிறது. ஹெலிகாப்டர் வாசலிலும் குறுகிய மாடிப்படியிலும் அந்த இருபதுக்கும் மேற்பட்ட சென்டிமீட்டர் பெரிய விஷயம். பத்திரிகைப் படத்திலோ அது வேறொன்றைச் சொன்னது. விசித்திர வடிவம் கொண்ட அந்தத் துப்பாக்கி தெரிந்தால், அருகில் இருப்பவர் சாதாரணக் காலாட்படைக்காரர் அல்லர் என்று பள்ளி மாணவனும் சொல்வான்.

இந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தது லண்டன். 1980 மே 5 அன்று ஈரானியத் தூதரகத்துக்குள் எஸ்.ஏ.எஸ். நுழைந்தபோது, பிபிசி ஒரு ஸ்னூக்கர் இறுதிப் போட்டியை நிறுத்திவிட்டு அதைக் காட்டியது. கறுப்பு உடை, வாயுமுகமூடி, எம்.பி.5 சப்மெஷின் கன் மூன்றும் சேர்ந்து ஒரு படிமமாயின. அதற்கு மூன்றாண்டு முன்பே, 1977இல், மொகதிஷுவில் கடத்தப்பட்ட விமானத்தை மீட்ட ஜெர்மனியின் ஜி.எஸ்.ஜி.9 படை எம்.பி.5ஐப் பயன்படுத்தியிருந்தது. ஆகவே தொலைக்காட்சிதான் இந்த ஆயுதத்தைத் தேர்ந்தெடுத்தது என்று சொல்ல முடியாது. பிணையாளிகள் நடுவே சுட வேண்டியவருக்கு எம்.பி.5இன் துல்லியமும், சுவரைத் துளைத்து அடுத்த அறையில் இருப்பவரைத் தாக்கும் வாய்ப்பு குறைந்த 9 மி.மீ. தோட்டாவும் நியாயமான காரணங்கள். ஆனால் அதன்பின் உலகெங்கும் காவல்படைகள் அதை வாங்கிக் குவித்ததில் அந்த ஒளிபரப்புக்கும் பங்கு உண்டு. 1984இல் உருவாகி 1986இல் சட்ட வடிவம் பெற்ற நமது தேசியப் பாதுகாப்புப் படை எஸ்.ஏ.எஸ்., ஜி.எஸ்.ஜி.9 ஆகியவற்றை முன்மாதிரியாகக் கொண்டது. உடை கறுப்பு, கையில் எம்.பி.5, மக்கள் வைத்த பெயர் கருப்புப் பூனை.

தமிழ்நாட்டில் பெரும்பாலோர் கருப்புப் பூனையை முதலில் பார்த்தது பிணைமீட்பில் அல்ல, ஜெயலலிதாவின் பிரசார மேடையோரத்தில். அந்தத் துப்பாக்கி நமக்குப் போர்க்கருவியாக அறிமுகமாகும் முன்பே அந்தஸ்தின் அடையாளமாக அறிமுகமாகிவிட்டது. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. ஆயுதத்தைப் பற்றிய பொது அறிவு எந்த வாசல் வழியாக நுழைகிறது என்பதைப் பொறுத்துத்தான் அது பின்னால் என்ன கேள்வி கேட்கும் என்பதும் அமைகிறது. ‘இது எதற்கு’ என்ற கேள்வி எழுவதற்குள் ‘இது யாருக்கு’ என்ற கேள்வி முந்திக்கொண்டது.

5. யாழ்ப்பாணத்திலிருந்து கார்கில்வரை

துப்பாக்கி விவாதத்தின் நவீன இந்திய வரலாற்றைக் கார்கிலில் தொடங்குவது வழக்கம். அதை யாழ்ப்பாணத்தில் தொடங்குவதே சரி என்பது என் கருத்து. 1987 அக்டோபர் 11, 12 இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் பாரா கமாண்டோக்களும் 13ஆம் சீக்கிய இலகு காலாட்படையின் ஒரு பிரிவும் ஹெலிகாப்டரில் இறங்கினார்கள். புலிகளின் தலைமையைப் பிடிப்பது நோக்கம். ஆனால் இந்தியப் படையின் வானொலிச் செய்தியைப் புலிகள் ஏற்கெனவே ஒட்டுக்கேட்டிருந்தார்கள். சீக்கியப் பிரிவின் முப்பது பேரில் உயிரோடு மிஞ்சியவர் ஒருவர். அங்கே காமெரா இல்லை. எதிரிக்குத் தகவல் போக டெலிவிஷன்தான் வேண்டும் என்பதில்லை.

இலங்கை சென்ற இந்திய அமைதிப்படையின் காலாட்படை வீரர் சுமந்தது எஸ்.எல்.ஆர். என்ற 7.62 மி.மீ. துப்பாக்கி. ஒரு மீட்டருக்கும் மேல் நீளம், நான்கு கிலோவுக்கும் மேல் எடை, விசையை இழுத்தால் ஒரு குண்டு, மேகசினில் இருபது தோட்டா. எதிரே பனைவடலியிலிருந்தும் ஒழுங்கைத் திருப்பத்திலிருந்தும் சுட்டவர்களிடம் முப்பது தோட்டாவைத் தொடர்ந்து பொழியும் ஏ.கே. வகைகள். திறந்த வெளியில் நானூறு, ஐந்நூறு மீட்டருக்குச் செய்யப்பட்ட ஆயுதம் இருபது மீட்டரில் சண்டையிட நேர்ந்தது. இந்த அனுபவத்துக்குப் பின் கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்து ஏ.கே. வகைத் துப்பாக்கிகள் பெருமளவில் வாங்கப்பட்டன. காஷ்மீரில் அவை நிலைபெற்றன. இலங்கைப் போரைப் பற்றித் தமிழில் எவ்வளவோ எழுதியிருக்கிறோம். இந்திய ராணுவத்தின் துப்பாக்கிச் சிந்தனையை அது மாற்றியது என்பதை மட்டும் ஏனோ எழுதவில்லை.

அந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய உள்நாட்டுத் துப்பாக்கி இன்சாஸ். புனேயில் உள்ள ஆயுத ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்தது. இஷாப்பூர், கான்பூர், திருச்சி ஆலைகள் தயாரித்தன. தோட்டா 5.56 மி.மீ. ஒற்றையாகவும் மும்மூன்றாகவும் சுடும். 1999 கார்கில் போரில் அதன் பிளாஸ்டிக் மேகசின்கள் குளிரில் விரிசல்விட்டன, துப்பாக்கி சிக்கிக்கொண்டது என்ற புகார்கள் வந்தன. 2005 ஆகஸ்டில் நேபாளத்தின் காலிகோட்டில் மாவோயிஸ்டுகளிடம் நாற்பதுக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்த நேபாள ராணுவம் இன்சாஸைக் குறைசொன்னது. பராமரிப்பும் பயன்படுத்திய முறையுமே காரணம் என்றது இந்தியத் தரப்பு.

இந்தச் சான்றுகளை எப்படி எடைபோடுவது? மேகசின் விரிசல் நம்பத்தக்க புகார். பொருளின் தன்மையிலேயே விளக்கம் உண்டு, பின்னால் திருத்தமும் நடந்தது. நேபாளப் புகாரில் இரு தரப்புக்கும் பழியைத் தள்ள வேண்டிய தேவை இருந்தது. பெரிய தோல்விக்குப் பின் தளபதி துப்பாக்கியைக் குறைசொல்வதும், விற்றவர் வாங்கியவரைக் குறைசொல்வதும் எந்த நாட்டிலும் நடப்பதே. இவ்வளவு எச்சரிக்கை தேவைப்படும் விவாதம் தொலைக்காட்சியில் இரண்டு படங்களாகச் சுருங்கியது. ஒரு பக்கம் டேவோர் ஏந்திய கமாண்டோ, மறுபக்கம் இன்சாஸ் ஏந்திய ஜவான். மூவாயிரம் துப்பாக்கியையும் லட்சக்கணக்கான துப்பாக்கியையும் ஒரே தராசில் வைத்தார்கள். முன்னதற்கு ஆள் ஒருவருக்குப் பயிற்சித் தோட்டா தாராளம், தனிப் பழுதுபார்ப்பு, தேர்ந்த கை. பின்னது மைனஸ் இருபது டிகிரியில் காவல்நிற்பவர் முதல் ஆயுதக் கிடங்கில் பத்தாண்டு கிடப்பதுவரை எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

6. எடை, தூரம், விலை

5.56 தோட்டா பகைவனைக் காயப்படுத்தவே செய்யப்பட்டது, காயம்பட்டவரைத் தூக்க இருவர் வருவார்கள், ஆகவே மூவர் ஒழிவார்கள் என்ற விளக்கம் நமது பத்திரிகைகளில் விடாமல் வருகிறது. பயங்கரவாதி காயத்தோடும் சண்டையிடுவான், ஆகவே கொல்லும் 7.62 வேண்டும் என்பது அதன் தொடர்ச்சி. அழகான தர்க்கம். ஆனால் சிறு தோட்டாவுக்கு உலகப் படைகள் மாறியதற்கு அடிப்படைக் காரணங்கள் எடையும் கட்டுப்பாடும். 5.56இன் ஒரு தோட்டா ஏறத்தாழ 12 கிராம். எஸ்.எல்.ஆரின் 7.62×51 அதுபோல் இரு மடங்கு. ஏ.கே.47இன் 7.62×39 இரண்டுக்கும் நடுவே. முந்நூறு தோட்டா சுமப்பவருக்கு இந்த வேறுபாடு மூன்றரைக் கிலோவை நெருங்கும். பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் மூன்றரைக் கிலோ என்ன என்பதை ஏறியவர் அறிவார். பெரிய தோட்டாவின் உதைப்பும் அதிகம், அடுத்த குண்டைக் குறிவைக்க அதிக நேரம் பிடிக்கும்.

மறுபக்கத்தில், தூரம் கூடக்கூடச் சிறு தோட்டாவின் வலு சீக்கிரம் குறையும். மரக்கிளை, மண்சுவர் போன்ற தடைகளில் பெரிய தோட்டா மேல். ஆகவே ‘எது சிறந்தது’ என்ற கேள்விக்கு விடையில்லை. எங்கே, எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரம் சுமந்தபின் என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை உண்டு.

நமது கொள்முதல் வரலாறு இந்தக் கேள்விகளுக்கிடையே அலைந்த வரலாறு. 2011இல் ஒரே துப்பாக்கியில் குழலை மாற்றி இரண்டு வகைத் தோட்டாவையும் சுடலாம் என்று டெண்டர் விட்டார்கள். 2015இல் அதைக் கைவிட்டார்கள். பின்பு 7.62×51 என்று முடிவானது. 2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் சிக் சாவர் 716 துப்பாக்கிகள் 72,400, சுமார் 700 கோடி ரூபாய்க்கு வாங்கப்பட்டன. 2024இல் மேலும் 73,000. இதற்கிடையே 2021 டிசம்பரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏ.கே.203க்கு ரஷ்யாவோடு ஒப்பந்தம். அமேதி மாவட்டம் கோர்வாவில் உற்பத்தி, தோட்டா 7.62×39. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் பழசாகத் தோன்றிய எஸ்.எல்.ஆரின் அதே தோட்டா, முப்பதாண்டு கழித்துக் சிக் துப்பாக்கியோடு கட்டுப்பாட்டுக் கோட்டில் நிற்பவருக்குப் புதுமையாகத் திரும்பி வந்தது. இதில் முரண்பாடு இல்லை. பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் இருப்பவனைச் சுடுவதும் வீட்டு முற்றத்தில் இருப்பவனைச் சுடுவதும் வேறு வேறு வேலைகள். ஆனால் செய்திகளில் சிக் துப்பாக்கி ‘அமெரிக்கச் சிறப்புப் படைகளின் தரம்’ என்ற தொனியில்தான் அறிமுகமானது. அதைப் பெற்றவர்களில் பெரும்பாலோர் முன்னிலைக் காலாட்படையினர், அவர்களின் தேவை தூரம் என்ற செய்தி அடியில் போய்விட்டது.

சிறப்புப் படைகள் எதைச் சுமக்கின்றன என்பதில் பாடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. குறிநோக்கிகள், கைப்பிடி, விளக்கு போன்றவற்றை ஏற்றும் தண்டவாளங்கள் முதலில் சிறப்புப் படைகளில் வந்து, பின் எல்லாருக்கும் பரவின. துப்பாக்கியைவிட அதன்மேல் பொருத்தும் குறிநோக்கியே சாதாரண வீரரின் சுடுதிறனை அதிகம் உயர்த்தும் என்பது பல படைகளின் அனுபவம். இந்தப் பாடத்தைத்தான் படங்கள் சொல்வதில்லை. படத்தில் துப்பாக்கியின் பெயர்தான் தலைப்பாகிறது, மேலே இருக்கும் கண்ணாடி பெயரற்றுப் போகிறது.

7. திருச்சியின் துப்பாக்கி

திருச்சி நாவல்பட்டிலுள்ள துப்பாக்கித் தொழிற்சாலை 1966இல் நிறுவப்பட்டது. தமிழ்நாட்டின் தொழில் வரலாற்றில் அதற்குரிய இடத்தை நாம் தரவில்லை. இன்சாஸுக்குப் பின் அங்கே உருவானது டார் என்று சுருக்கமாக அழைக்கப்படும் திருச்சி தாக்குதல் துப்பாக்கி. ஏ.கே. அமைப்பு, 7.62×39 தோட்டா. மத்திய ஆயுதப்படைகளும் மாநிலக் காவல்துறைகளும் அதன் வாடிக்கையாளர்கள். 2021 அக்டோபரில் பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபோது, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ் திருச்சி ஆலை போனது. இன்னொரு பக்கம் பெங்களூரின் எஸ்.எஸ்.எஸ். டிஃபென்ஸ் போன்ற தனியார் நிறுவனங்கள் துப்பாக்கித் தயாரிப்பில் இறங்கியுள்ளன. சுருள்வில் செய்துவந்த குழுமத்திலிருந்து வந்தது அது. அதன் தூரக்குறித் துப்பாக்கிகள் ஏற்றுமதியாகும் அளவுக்கு வந்துவிட்டன.

ஒரே தோட்டாவைச் சுடும், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு துப்பாக்கிகளில் அமேதியில் தயாராவதற்குப் பிரதமர் திறப்புவிழாவும் தொலைக்காட்சி நேரமும் கிடைத்தன. திருச்சியில் தயாராவது வட்டாரப் பக்கச் செய்தியாக நின்றது. ஏ.கே.203 மேலானது என்பதற்குப் பொறியியல் காரணங்கள் இருக்கலாம். மடக்கும் கட்டையும் குறிநோக்கித் தண்டவாளமும் அதில் உண்டு. ஆனால் அந்த ஒப்பீட்டைச் செய்து முடிவைச் சொன்ன ஊடகம் எது? இந்தியாவில் துப்பாக்கிகளின் பயனர் சோதனை முடிவுகள் பொதுவாக மக்கள் பார்வைக்கு வருவதில்லை. எத்தனை குண்டுக்கு ஒருமுறை சிக்கிக்கொள்கிறது, பாலைவன மணலிலும் பனியிலும் அந்த எண் எப்படி மாறுகிறது, குழல் எத்தனை ஆயிரம் குண்டுக்குத் தாங்கும் என்பவை ரகசியம் என்று வைக்கப்படுகின்றன. சிறப்புப் படை எங்கே, எப்படிப் போனது என்பது விருதுக் குறிப்பில் வெளியாகிறது. காலாட்படைத் துப்பாக்கி சோதனையில் எப்படித் தேறியது என்பது வெளியாவதில்லை. மறைக்கத் தக்கதையும் காட்டத் தக்கதையும் நாம் இடம் மாற்றி வைத்திருக்கிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு வீரரின் நகர்வுமுறை எதிரிக்குப் பயன்படும். ஒரு துப்பாக்கி எத்தனையாவது குண்டில் சிக்கும் என்பது முதலில் தெரிய வேண்டியது அதைச் சுமப்பவருக்கும், அவரை அனுப்பிய நாடாளுமன்றத்துக்கும், அதற்குப் பணம் தரும் மக்களுக்கும்.

பாதுகாப்புத் துறையைக் கண்காணிக்கும் நாடாளுமன்ற நிலைக்குழுவும் தணிக்கைத் துறையும் இருக்கின்றன. இந்த எண்களை, எதிரிக்குப் பயன்படும் நுணுக்கங்களை நீக்கியாவது வெளியிடச் சொல்லிக் கேட்க அவற்றுக்கு அதிகாரம் உண்டு. திருச்சி ஆலையில் அடுத்த துப்பாக்கி அறிமுக விழாவுக்குப் போகும் செய்தியாளர் எந்த நாட்டுக் கமாண்டோ இதைப் பயன்படுத்துகிறார் என்று கேட்பதை விட்டுவிட்டு, சோதனையில் எத்தனை ஆயிரம் குண்டு சுட்டீர்கள், எத்தனை முறை நின்றது, யார் முன்னிலையில் சுட்டீர்கள் என்று கேட்கலாம். அதற்கு அங்கே பதில் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.